மணலும் சக்கரமும்



பாலைவனத்து மணற்குன்றுகளின்மீது மோட்டார் வண்டியை ஓட்டுவது எப்படி, அதற்கு ஏற்றவாறு வண்டியை எவ்வாறு மாற்றி அமைப்பது என்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். கடலூரில் பிறந்து, கெடிலத்தின் கரையில் விளையாடி, சிதம்பரத்தில் இயந்திரவியல் பாடம் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்த ஒருவனுக்குப் பாலைவனத்தோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம் தமிழ்நாட்டில் சகாராவும் இல்லை. தார்ப் பாலையும் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் வாடித் திரிந்த நிலையையே பாலை என்று நம் முன்னோர் வழங்கினர்.

ஆனால் பாலை இல்லாவிட்டாலும் மணல் நமக்குப் புதியது அன்று. கடற்கரை மணல்மேட்டுக்கு 'எக்கர்' என்று பெயரிட்டவர்கள் நம் புலவர்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணற் பரப்பைத் 'தேரி' என்று மக்கள் இன்றும் அழைக்கிறார்கள். தேவனாம்பட்டினம் தொடங்கிப் பரங்கிப்பேட்டை, கிள்ளை வரையில் எங்கள் மாவட்டத்துக் கரையெல்லாம் மணல்தான். அந்த மணலில் நான் ஒரு நாள் பட்ட அவமானமே என்னை இந்தப் பொருளைப் பற்றிக் கற்க வைத்தது. ஆகவே முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் கடல் பொங்கி எழுந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கு மேற்பட்ட உயிர்களை அந்த அலை கொண்டுபோயிற்று. இரண்டு நாள் கழித்து, மாணவர் இருவரை உடன் அழைத்துக்கொண்டு, இரவல் வாங்கிய ஜீப் ஒன்றில் அரிசி மூட்டைகளையும் குடிநீர்க் கேன்களையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து புறப்பட்டேன். பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போகவேண்டும். அங்கிருந்த கிணறுகளிலெல்லாம் கடல்நீர் புகுந்துவிட்டது. மக்கள் குடங்களோடு காத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்திருந்தது.

கடைசி அரை மைல் தொலைவில் சாலையே இல்லை. அலை அள்ளிக் கொட்டிய மணல் சாலையை மூடியிருந்தது. "போய்விடலாம்" என்று எண்ணி வண்டியை மணலில் இறக்கினேன். முப்பது அடி போவதற்குள் வேகம் குறைந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இயந்திரம் உறுமியது, பின்சக்கரங்கள் சுழன்றன, மணல் பின்னே சிதறியது, வண்டி முன்னே போகவில்லை, கீழே போயிற்று. இன்னும் அழுத்தி மிதித்தேன், இன்னும் இறங்கியது. அச்சு மணலைத் தொட்டுவிட்டது. தொலைவில் குடங்களின் வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. இருபது ஆண்டுகள் விசையையும் அழுத்தத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஆசிரியன் நான். வியர்த்துப்போய் மணலில் நின்றேன்.

அப்போது முதியவர் ஒருவர் நடந்து வந்தார். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "வாத்தியாரய்யா, வண்டியை உறும விடாதீர்கள். சக்கரத்துக் காற்றைப் பாதி இறக்கிவிடுங்கள்" என்றார். "பெரியவரே, காற்று இறங்கினால் வண்டி எப்படி ஓடும்?" என்று நான் கேட்டேன். "மீன் ஏற்ற வரும் வண்டிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். கெட்டியான சக்கரம் மணலை வெட்டும், தளர்ந்த சக்கரம் மணலை மிதிக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் இரண்டு நீண்ட பலகைகளோடு வந்தார். சக்கரத்தின் முன்னே மணலை வழித்து, பலகைகளைச் சரிவாகச் செருகினார். காற்றை இறக்கினோம். மெல்லக் கிளச்சை விட்டேன். வண்டி பலகையைப் பற்றி ஏறியது. பின்னர் மணலின்மேல் ஒரு முறைகூட நிற்காமல் குப்பம் வரை சென்றது. தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அந்தப் பலகைகள் அலையில் உடைந்துபோன அவருடைய வள்ளத்தின் பலகைகள் என்று பிறகுதான் அறிந்தேன்.

நண்பர்களே, அன்று அந்தப் பெரியவர் சொன்னதில் நான் அறியாத விஞ்ஞானம் ஒன்றுமில்லை. என் கை அறிந்ததை என் கால் அறியவில்லை, அவ்வளவுதான். அந்த விஞ்ஞானத்தை இப்போது ஒரு சிறு கணக்காகப் பார்ப்போம்.

ஒரு ஜீப்பின் எடை, சுமையோடு, 1,600 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரங்களும் அதைச் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றின்மீதும் 400 கிலோகிராம். டயரில் உள்ள காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் என்றால், அந்த 400 கிலோகிராமைத் தாங்கத் தரையில் படவேண்டிய பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். அது எவ்வளவு தெரியுமா? நம் அஞ்சலட்டை ஒன்றரையின் அளவு! அவ்வளவு பெரிய வண்டி, சக்கரத்துக்கு ஒன்றரை அஞ்சலட்டை வீதம்தான் பூமியைத் தொடுகிறது. காற்றைப் பாதியாகக் குறையுங்கள். அழுத்தம் 1 கிலோகிராம் ஆகிறது. தரையில் படும் பரப்பு 400 சதுர சென்டிமீட்டராக, அதாவது மூன்று அஞ்சலட்டைகளின் அளவாக விரிகிறது. டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் இந்தக் கணக்கு அணுவளவும் பிசகாமல் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. காற்றை இறக்கினால் டயர் அகலமாகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அகலம் சிறிதே கூடுகிறது. நீளமே மிகுதியாகக் கூடுகிறது. வட்டமான சக்கரம் அடியில் தட்டையாகி, புழு ஊர்வதுபோல மணலின்மீது படிந்து போகிறது. சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து தடையாவதும் இதனால் குறைகிறது.

மணல் ஏன் பாரத்தைத் தாங்குவதில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். களிமண்ணைப்போல மணல் ஒட்டிக்கொள்வதில்லை. ஒரு மணி மற்றொரு மணியோடு உராய்வதே அதன் வலிமை. சுழலும் சக்கரம் அந்த உராய்வைக் குலைத்து மணிகளைப் பின்னே வாரி எறிகிறது. அதாவது சக்கரம் மண்வெட்டி ஆகிவிடுகிறது. தன் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறது. ஆனால் அதே மணலில் சிறிது ஈரம் இருந்தால் நிலைமை வேறு. மணிகளின் இடையே உள்ள நீர்ப்படலம் அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. குழந்தைகள் ஈர மணலில் வீடு கட்டுவதும், வெள்ளிக் கடற்கரையில் அலை நனைத்துச் சென்ற ஓரத்தில் நம் கால் புதையாமல் நடக்க முடிவதும் இதனால்தான். நீர் மிகுந்துவிட்டாலோ மணிகள் மிதக்கத் தொடங்கும். வலிமை மீண்டும் போய்விடும்.

இந்த உண்மைகளை மோட்டார் வண்டிக்காரர்கள் ஒரே நாளில் கண்டுவிடவில்லை. முதலில் அவர்கள் பெரிய இயந்திரங்களை நம்பினார்கள். பிரான்சு நாட்டு சித்ரோயன் கம்பெனியார் பின்சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பர்ப் பட்டைகளைப் பூட்டிய வண்டிகளைச் செய்து, 1922 டிசம்பரில் அல்ஜீரியாவின் துகுர்த்திலிருந்து புறப்பட்டு, 1923 ஜனவரியில் திம்பக்டு நகரை அடைந்தார்கள். சகாராவை மோட்டார் வண்டி கடந்த முதற்பயணம் அது. அரிய செயல்தான். ஆனால் பட்டை வண்டி மெதுவாகச் செல்வது. எரிபொருளை மிகுதியாகக் குடிப்பது.

எளிய சக்கர வண்டியே போதும் என்று காட்டியவர் ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேயர். 1896-இல் பிறந்தவர், படையில் பொறியாளராகச் சேர்ந்து, பின்னர்ச் செய்திப் பிரிவில் பணியாற்றியவர். 1926-இல் எகிப்துக்கு மாற்றப்பட்ட அவர், விடுமுறை நாட்களில் நண்பர்களோடு ஃபோர்டு 'டி' வகைக் கார்களில் பாலையில் திரியத் தொடங்கினார். இடையே சில ஆண்டுகள் அக்காலத்து இந்தியாவின் வடமேற்கு எல்லையிலும் பணி செய்தார். 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் அவரும் தோழர்களும் ஃபோர்டு 'ஏ' வகை வண்டிகளைக் கொண்டு லிபியப் பாலையின் உட்பகுதிகளுக்குச் சென்றார்கள். எகிப்தின் மேற்கே 'பெரு மணற்கடல்' என்று ஒரு பகுதி உண்டு. ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள மணற்குன்றுகள் அலைவரிசைபோல வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன. வண்டி எதுவும் அதைக் கடக்க முடியாது என்பதே அக்காலத்தவர் பலரின் துணிபு. பாக்னால்டு கடந்து காட்டினார்.

எப்படிக் காட்டினார்? வண்டிக்கு எதைச் சேர்த்தார் என்று கேட்பதைவிட எதைக் கழற்றினார் என்று கேட்பதே பொருத்தம். பாலைப் பயணத்துக்கு வேண்டாத பாரத்தையெல்லாம் நீக்கினார்கள். கூரை, கதவு, முன்கண்ணாடி இவையெல்லாம் நகரத்து அலங்காரங்கள். அவை போனால் அந்த எடைக்குத் தண்ணீரும் பெட்ரோலும் ஏற்றலாம். பாலையில் உயிரைக் காப்பவை அவையல்லவா?

சேர்த்தவை சிலவே, ஆனால் ஒவ்வொன்றும் சிந்தித்துச் சேர்த்தது. முதலாவது, தண்ணீரைச் சேமிக்கும் ஏற்பாடு. மணலில் இழுக்கும்போது இயந்திரம் கொதிக்கும். ரேடியேட்டர் நீர் ஆவியாகிக் குழாய் வழியே வீணாகப் போகும். பாக்னால்டு ரேடியேட்டரின் மூடியைக் காற்றுப் புகாதபடி அடைத்தார். ஆவி வெளியேறும் குழாயை, வண்டியின் பக்கவாட்டில் கட்டிய தகர டப்பா ஒன்றில் இருந்த தண்ணீருக்குள் செருகினார். ஆவி அந்த நீரில் பட்டுக் குளிர்ந்து நீராகும். இயந்திரம் ஆறியபின் ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, டப்பாவின் நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு டப்பாவும் ஒரு குழாயும். செலவு ஒன்றும் இல்லை. நீங்கள் எட்டாம் வகுப்பில் படித்த ஆவியாதலும் குளிர்தலும் பாலையில் உயிர் காத்தன.

இரண்டாவது, மணற்பலகை. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்த எஃகுத் தகடுகள் கெய்ரோ நகரத்துப் பழைய இரும்புக் கடையில் கிடந்தன. ஏறத்தாழ ஐந்து அடி நீளமுள்ள வளைந்த தகடுகள். அவற்றை வாங்கி வண்டியில் தொங்கவிட்டார். சக்கரம் புதைந்தால் அதன் முன்னே தகட்டைச் செருகி ஏற்றிவிடுவார்கள். எங்கள் குப்பத்துப் பெரியவர் வள்ளத்துப் பலகையைக் கொண்டு செய்ததும் இதுவே. பெரியவர் பாக்னால்டின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். பாக்னால்டு பரங்கிப்பேட்டையைக் கண்டிருக்க மாட்டார். மணல் இருவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது.

மூன்றாவது, சூரியத் திசைகாட்டி. காந்த ஊசி வண்டியின் இரும்பால் தடுமாறும். ஒவ்வொரு முறையும் இறங்கி விலகிச் சென்று பார்க்கவேண்டும். பாக்னால்டு, பாகைகள் குறித்த வட்டத்தட்டின் நடுவில் ஓர் ஊசியை நிறுத்தி, அதன் நிழலைக் கொண்டு வண்டி ஓடும்போதே திசை அறியும் கருவியை அமைத்தார். சூரியன் நகர நகரத் தட்டைத் திருத்திக்கொள்ளவேண்டும். அதற்கு அட்டவணைகள் உண்டு.

ஆனால் இவை எல்லாவற்றிலும் பெரிய கருவி கண். காற்று வீசும் பக்கத்தில் மணற்குன்று மெல்லச் சரிந்து இறுகிக் கிடக்கும். மறுபக்கம் ஏறத்தாழ 33 பாகைச் சரிவில் பொலபொலவென்று இருக்கும். இறுகிய பக்கத்தில் ஓட்டமாக ஏறவேண்டும். உச்சியில் கண்ணை மூடிக்கொண்டு பாயக்கூடாது. இதை நன்கு கற்ற பாக்னால்டு, மணல் ஏன் இப்படிக் குன்றாகிறது என்ற கேள்விக்கு விடை காணவும் புறப்பட்டார். இலண்டனில் காற்றுச் சுரங்கம் அமைத்து மணலைப் பறக்கவிட்டு அளந்தார். காற்றில் எழும் மணற்றுகள் துள்ளித் துள்ளி விழுந்து மற்றத் துகள்களையும் துள்ள வைக்கிறது என்று அவர் ஆராய்ந்து எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது. வீசும் மணலைப் பற்றிப் படிப்போர்க்கு அது மூலநூல். 1940-இல் அவர் எகிப்தில் அமைத்த நெடுந்தூரப் பாலைப் படை, கூரையும் கதவும் களைந்த லாரிகளில் இதே முறைகளைக் கையாண்டது. பின்னாளில் இந்திய வீரர்களின் பிரிவு ஒன்றும் அதனோடு சேர்ந்து பணியாற்றியது. செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மணற்குன்றுத் தொடருக்கே அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 'கியூரியாசிட்டி' என்ற ஊர்தி 2015-இல் அந்த மணலைச் சென்று ஆராய்ந்தது.

செவ்வாயைப் பற்றிப் பேசுகையில் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 'ஸ்பிரிட்' என்ற ஊர்தி 2009-இல் அங்கே பொதிமணலில் புதைந்தது. அதன் சக்கரங்கள் உலோகத்தால் ஆனவை. இறக்கிவிடக் காற்றும் இல்லை. பலகை செருக ஆளும் இல்லை. பூமியிலிருந்து பல மாதம் முயன்றும் அதை மீட்க முடியவில்லை. நம் நாட்டு விஞ்ஞானிகள் சந்திரனுக்கு ஊர்தி அனுப்ப எண்ணியபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறைகளைப் பொடித்துச் சந்திர மண்ணைப் போன்ற மண்ணைச் செய்து சோதித்துப் பார்த்ததன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். போகும் இடத்து மண்ணை அறியாமல் சக்கரம் செய்யக்கூடாது.

இந்தத் தத்துவத்தைக் காணச் செவ்வாய்க்கும் போகவேண்டாம், கெய்ரோவுக்கும் போகவேண்டாம். கடலூரிலிருந்து நெய்வேலிக்குப் போங்கள். அங்கே சுரங்கத்தில் மண் வெட்டும் இராட்சத இயந்திரம், ஒரு கட்டடமே நடப்பதுபோல நகர்வதைக் காணலாம். அத்தனை எடையும் மண்ணில் புதையாமல் இருப்பதற்குக் காரணம், அது அகன்ற இரும்புப் பட்டைகளின்மேல் ஊர்வதே. இராஜஸ்தானத்தில் ஒட்டகம் இழுக்கும் வண்டிகளுக்குப் பழைய விமான டயர்களைப் பூட்டுகிறார்கள்; ஒட்டகத்தின் அகன்ற பாதமும் அந்த அகன்ற டயரும் ஒரே வேலையைச் செய்கின்றன. சிதம்பரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நான் சிறுவனாக இருந்தபோது மழையில் நனைந்த வீதியில் தேர்ச்சக்கரம் அழுந்திவிட்டது. வடம் பிடித்தவர்கள் எவ்வளவோ இழுத்தார்கள், அசையவில்லை. ஓர் ஆசாரியார் வடத்தை நிறுத்தச் சொன்னார். நெம்புகோல் போட்டு, சக்கரத்தின் கீழே பனஞ்சட்டங்களை அடுக்கினார். பிறகு தேர் தானே வந்ததுபோல வந்தது. நூறு பேர் வலிமை செய்யாததை நான்கு சட்டங்கள் செய்தன.

சரி, இன்று ஒருவர் மணலில் செல்ல ஒரு வண்டியை ஆயத்தம் செய்யவேண்டும் என்றால் என்ன செய்யவேண்டும்? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பாரத்தைக் குறைக்கவேண்டும். இரண்டாவதாக, நல்ல பக்கச்சுவர் உள்ள டயர்களைப் பூட்டி, மணலில் இறங்குமுன் காற்றை ஏறத்தாழப் பாதியாக்கவேண்டும். அழுத்தமானி ஒன்றும் காற்றடிக்கும் பம்பு ஒன்றும் கட்டாயம் வண்டியில் இருக்கவேண்டும். ஏனென்றால் தளர்ந்த டயரோடு தார்ச்சாலையில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். சட்டென்று திருப்பினால் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும். மூன்றாவதாக, நான்கு சக்கரங்களும் இழுக்கும் அமைப்பு நல்லது. சாதாரண அச்சில் ஒரு சக்கரம் வழுக்கினால் சுழற்சியெல்லாம் வழுக்கும் சக்கரத்துக்கே போய்விடும். ஆகவே இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் ஏற்பாடு அச்சில் இருந்தால் மிக நன்று. நான்காவதாக, காற்றுவடிகட்டியைக் காக்கவேண்டும். மணற்றூள் உள்ளே புகுந்தால் பிஸ்டனையும் சிலிண்டரையும் அரம்போல் அராவிவிடும். ஐந்தாவதாக, வண்டியின் முன்னும் பின்னும் உறுதியான கொக்கி, ஒரு மண்வெட்டி, இரண்டு பலகைகள். கடற்கரையில் ஓடிய வண்டியை நன்னீரில் கழுவவேண்டும். உப்பு இரும்பைத் தின்னும்.

ஓட்டும் முறையையும் மாற்றி அமைத்துக்கொள்ளவேண்டும். மெல்லப் புறப்பட்டு, ஒரே சீரான வேகத்தில் செல்லவேண்டும். நிற்கும்போது பிரேக்கை அழுத்தக்கூடாது. அழுத்தினால் சக்கரத்தின் முன் மணல் குவியும். தானாக ஓய்ந்து நிற்க விடவேண்டும். அதுவும் இறக்கம் நோக்கி நிறுத்தவேண்டும். குன்றில் நேராக ஏறி நேராக இறங்கவேண்டும். குறுக்கே போனால் வண்டி உருண்டுவிடும். தனியாக ஒருபோதும் போகக்கூடாது.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தபின், 2017-இல் அரிச்சல்முனைக்குச் சாலை திறக்கப்படும்வரை, அங்கே யாத்திரிகர்களை வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் நீரிலுமாக அழைத்துச் சென்றன. நான் ஒரு முறை அதில் சென்றேன். ஓட்டுநர் இளைஞர், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. ஆனால் ஈரமணலின் நிறத்தைப் பார்த்தே எங்கே தாங்கும், எங்கே அமிழும் என்று அறிந்து ஓட்டினார். பழைய தடத்தைவிட்டு ஒரு முழமும் விலகவில்லை. அவருடைய வண்டியைவிட அவர் கண்ணையே நான் வியந்தேன்.

இளைஞர்களே, இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் என் பேச்சு தீங்காக முடியும். "ஐயா சொன்னபடி டயரில் காற்றை இறக்கிவிட்டு நம் ஊர் மணல்மேட்டில் ஏறிப் பார்ப்போம்" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அதைச் செய்யாதீர்கள். லிபியாவின் பெருமணற்குன்றில் பதிந்த தடத்தைக் காற்று அழித்துவிடும். நம் கரையின் மணல்மேடு அப்படிப்பட்டது அன்று. அதை அடும்பங்கொடியும் இராவணன்மீசைப் புல்லும் வேர்விட்டுக் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஒரு சக்கரம் அந்தக் கொடியை அறுத்தால், அறுந்த இடத்தில் காற்று புகுந்து மணலைக் கொண்டுபோகும். மேட்டில் வாயில் திறந்துவிடும். அந்த வாயில் வழியே அடுத்த புயலின் அலை ஊருக்குள் வரும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2004 பேரலைக்குப் பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் அவருடன் ராஜேந்திரனும் அந்தக் கரையின் 18 மீனவச் சிற்றூர்களை ஆராய்ந்து, 2005-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். ஊர் இருந்த நிலத்தின் உயரம், கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவு, கரையோரத் தாவரங்களின் பரப்பு ஆகிய மூன்றும் கூடக்கூட இழப்புக் குறைந்தது என்பது அவர்கள் கண்டது. தாவரத்தின் பங்கு எவ்வளவு, உயரத்தின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் பின்னர் வாதிட்டார்கள். வாதம் எப்படி முடிந்தாலும், கொடி படர்ந்த மணல்மேடு உயரத்தையும் தருகிறது; தாவரத்தையும் தாங்குகிறது. கடலோர ஒழுங்குமுறை பற்றி அரசினர் 2011-இலும் 2019-இலும் வெளியிட்ட அறிவிக்கைகள் மணல்மேடுகளை மிக உயர்ந்த காப்புடைய முதல் வகையில் சேர்த்திருப்பதும் இதுபற்றியே.

ஆகவே மணலில் வண்டி ஓட்டும் கலையைக் கற்கவேண்டியது விளையாட்டுக்காக அன்று. புயல் அடித்தபின் ஊருக்குள் தண்ணீரும் மருந்தும் கொண்டுபோக வேண்டிய நாள் ஒன்று வரலாம். அந்த நாளில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு நிற்காதீர்கள். இறங்குங்கள், மணலைப் பாருங்கள், காற்றை இறக்குங்கள், பலகையைச் செருகுங்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

மணலை வெல்லப் போனவர்கள் புதைந்தார்கள். மணலுக்கு இணங்கிப் போனவர்கள் ஊர் சேர்ந்தார்கள். அன்று நாங்கள் புறப்பட்டபோது அந்தப் பெரியவரிடம் பலகைகளைத் திருப்பிக் கொடுத்தோம். "வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வாத்தியாரய்யா. அடுத்த குப்பத்துக்கும் போகவேண்டும் அல்லவா?" என்றார். போனோம். அந்த வாரம் முழுவதும் அவருடைய வள்ளம் எங்கள் சக்கரத்தின் கீழே கிடந்து ஊர் ஊராகத் தண்ணீர் கொண்டுபோயிற்று.